டெஃபல் சான்றிதழ் கையில் இருந்தும் ஓரியன்டேஷனுக்குப் போக வேண்டுமா?

கேள்வி இதுதான். வெளிநாட்டில் ஆங்கிலம் கற்பிக்கும் வேலைக்கு ஒருவருக்கு இரண்டு இடங்களிலிருந்து அழைப்பு வந்திருக்கிறது. ஒன்று தென் கொரிய அரசுப் பள்ளி, இன்னொன்று ஏஜென்சி வழியாகத் தாய்லாந்தில் ஒரு பள்ளி. இரண்டு பக்கமும் "முதலில் ஓரியன்டேஷனுக்கு (வேலை தொடங்கும்போது வைக்கும் அறிமுகப் பயிற்சிக்கு) வாருங்கள்" என்கிறார்கள். தாய்லாந்து ஏஜென்சி அதற்குத் தனியாகப் பணமும் கேட்கிறது. "என்னிடம் 120 மணி நேர டெஃபல் (TEFL, ஆங்கிலத்தை வெளிநாட்டு மொழியாகக் கற்பிக்கும் பயிற்சி) சான்றிதழ் இருக்கிறது, மறுபடியும் போய் வகுப்பில் உட்கார வேண்டுமா, நேராகப் பள்ளிக்கே போய்விடலாமா?" என்று கேட்கிறார்.

கொரியாவுக்கு என்றால் போங்கள், அங்கே அது கட்டாயம், யோசிக்க ஒன்றுமில்லை. தாய்லாந்து விஷயத்தில் பணம் கட்டும் முன் நாலு கேள்வி கேளுங்கள், அதைக் கீழே சொல்கிறேன். நான் கொரியாவில் மூன்று வருடம், பிறகு ஜப்பானில் இரண்டு வருடம் இந்த வேலை பார்த்தவன். இரண்டு ஓரியன்டேஷனிலும் உட்கார்ந்து கொட்டாவி விட்டிருக்கிறேன், இரண்டுக்கும் போனது நல்லதுதான் என்று பின்னால் நினைத்தும் இருக்கிறேன். ஆனால் போனதால் கிடைத்தது எதுவோ, அது அவர்கள் நிகழ்ச்சி நிரலில் பெரிய எழுத்தில் போட்டிருந்தது அல்ல.

முதலில் ஒரு குழப்பம் தீர வேண்டும். டெஃபல் பயிற்சியும் ஓரியன்டேஷனும் ஒன்றல்ல. டெஃபல், செல்டா (CELTA, கேம்பிரிட்ஜ் தரும் ஆங்கில ஆசிரியர் சான்றிதழ்) இதெல்லாம் பாடம் நடத்தக் கற்றுத்தருபவை. செல்டாவில் 120 மணி நேரப் படிப்புக்குள்ளேயே, உண்மையான மாணவர்கள் முன் நின்று 6 மணி நேரம் பாடம் எடுத்துக் காட்ட வேண்டும். பின் வரிசையில் பயிற்றுநர் ஒருவர் முகத்தில் எந்தச் சலனமும் இல்லாமல் குறிப்பெடுத்துக்கொண்டிருப்பார். ஆன்லைனில் வாங்கும் 120 மணி நேரச் சான்றிதழ்கள் பலவற்றில் இந்த 6 மணி நேரம் கிடையாது. அதனால் "டெஃபல் முடித்துவிட்டேன்" என்று சொல்பவர் இன்னும் ஒரு குழந்தையைக்கூட நேரில் பார்க்காதவராக இருக்க வாய்ப்புண்டு. சரி, அது தனிக் கதை. ஓரியன்டேஷன் சொல்வது வேறு: இந்த நாட்டில், இந்த மாதிரிப் பள்ளியில் உங்களிடம் என்ன எதிர்பார்ப்பார்கள், சம்பளம் எப்படி வரும், காய்ச்சல் வந்தால் காலையில் யாருக்குச் சொல்ல வேண்டும், வகுப்பில் உங்களோடு நிற்கப்போகும் உள்ளூர் ஆசிரியரிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும். ஒன்றை முடித்தவருக்கு இன்னொன்று தேவையில்லை என்று ஆகாது.

கொரியாவில் அரசுப் பள்ளிகளுக்கு வெளிநாட்டு ஆசிரியர்களை எடுக்கும் 'எபிக்' திட்டம் 1995-ல் தொடங்கியது. பிப்ரவரியில் ஒரு முறை, ஆகஸ்டில் ஒரு முறை, புதிதாக வருபவர்கள் எல்லோரையும் ஒரு பல்கலைக்கழக வளாகத்திலோ பயிற்சி மையத்திலோ ஒரு வாரத்துக்குச் சற்று கூடுதலாகத் தங்கவைப்பார்கள். அறைக்கு இரண்டு பேர். காலையிலிருந்து மாலை வரை சொற்பொழிவு, இராத்திரி இத்தனை மணிக்குள் விடுதிக்குத் திரும்பிவிட வேண்டும் என்ற கட்டுப்பாடு. இருபத்தைந்து வயதுக்காரர்களைப் பள்ளிச் சுற்றுலாவுக்கு அழைத்து வந்தது போல் நடத்துகிறார்களே என்று எங்கள் கூட்டத்தில் முணுமுணுக்காதவர் இல்லை.

நடுவில் ஒரு நாள் மருத்துவப் பரிசோதனை: இரத்தம், சிறுநீர், மார்பு எக்ஸ்ரே, போதைமருந்துச் சோதனை. இதைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம், முடிவு சரியில்லை என்றால் வேலையே போய்விடும். தனியாகப் போயிருந்தால் எந்த மருத்துவமனை, என்ன படிவம் என்று மொழி தெரியாமல் அலைந்திருப்போம். இங்கே வரிசையில் நின்றோம், முடிந்தது. கடைசி நாளில் ஒப்பந்தக் கையெழுத்து, அப்புறம் மாகாணம் மாகாணமாகப் பேருந்து ஏற்றி அனுப்பிவிடுவார்கள். எந்தப் பள்ளி என்பதே சிலருக்கு அன்றுதான் தெரியும்.

பாடம் நடத்துவது பற்றிய சொற்பொழிவுகள் பெரும்பாலும் சுமார்தான். முன்பு அங்கே வேலை பார்த்த ஒருவர் மேடையேறி, தன் பள்ளியில் தான் கண்டுபிடித்த விளையாட்டுகளைச் சொல்லிக்கொண்டே போவார். அவர் பள்ளி நகரத்தில், ஒரு வகுப்பில் முப்பது பேர். எனக்குக் கிடைத்தது மலையோரத்தில் ஒரு சின்னப் பள்ளி, ஆறாம் வகுப்பில் மொத்தமே ஏழு பேர். குழுப் போட்டி நடத்த ஏழு பேரை எப்படிப் பிரிப்பது?

ஒன்று மட்டும் உண்மையிலேயே உதவியது, மாதிரிப் பாடம். இரண்டு மூன்று பேரைச் சேர்த்து ஒரு பாடத்தைத் தயாரிக்கச் சொல்லி, எல்லோர் முன்னும் நடத்திக் காட்டச் சொல்வார்கள். நான் வழி கேட்பது பற்றி ஒரு விளையாட்டு வைத்திருந்தேன். ஆட்டத்தின் விதியை விளக்க ஆரம்பித்தேன், நன்றாகத்தான் விளக்கிக்கொண்டிருந்தேன் என்று நினைப்பு. இரண்டு நிமிடம் ஆனதும் மதிப்பிட வந்திருந்த அம்மா கையைக் காட்டி நிறுத்திவிட்டு, "இதுவரை நீங்கள் சொன்னதில் ஒரு சொல்கூடப் பத்து வயதுப் பிள்ளைக்குப் புரிந்திருக்காது. சொல்லாதீர்கள், செய்து காட்டுங்கள்" என்றார். உடன் ஆசிரியரை மாணவராக நிற்கவைத்து ஒரு சுற்று ஆடிக் காட்டினால் இருபது வினாடியில் முடிகிற வேலை. அவமானமாக இருந்தது, ஆனால் அதன்பின் மூன்று வருடமும் நான் விதியை வாயால் விளக்கவே இல்லை. இதை எந்த ஆன்லைன் படிப்பும் எனக்குச் சொல்லியிருக்க முடியாது என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தது, நான் தேர்வில் சரியான விடையைக்கூட டிக் செய்திருந்தேன்.

சின்னச் சின்ன விஷயங்கள் வேறு. கொரியாவில் உயிரோடிருப்பவர் பெயரைச் சிவப்பு மையில் எழுதுவதை விரும்பமாட்டார்கள், ஜப்பானிலும் அப்படித்தான். நோட்டுத் திருத்தும் ஆசிரியர் கையில் என்ன பேனா இருக்கும்? சிவப்பு. முதல் வாரமே முப்பது பிள்ளைகளின் பெயரைச் சிவப்பில் எழுதிச் சுவரில் ஒட்டியிருப்பேன், முதல் நாள் யாரோ போகிறபோக்கில் சொன்னதால் தப்பித்தேன். பெரியவர்களிடம் எதையும் இரண்டு கையால் கொடுத்து வாங்குவது, பள்ளிக்குள் போட்டுக்கொள்ள வேறு செருப்பு வைத்துக்கொள்வது, மாணவர் விடுமுறையில் இருக்கும்போதும் ஆளில்லாப் பள்ளியில் நீங்கள் மேசையில் உட்கார்ந்திருக்க வேண்டியிருக்கும் என்பது (இதற்கு அங்கே 'டெஸ்க் வார்மிங்' என்றே பெயர், நாற்காலியைச் சூடாக்குகிற வேலை)... இவையெல்லாம் இணையத்திலும் கிடைக்கும்தான். ஆனால் எதைத் தேட வேண்டும் என்று தெரிந்தால்தானே தேடுவோம்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது பணம் பற்றிய அந்த ஒரு மணி நேரம், அதில்தான் பாதிப் பேர் தூங்குகிறார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு வைக்கிறார்கள், என்ன செய்வது. கொரியாவில் ஒரு வருட ஒப்பந்தத்தை முழுசாக முடித்தால் ஏறத்தாழ ஒரு மாதச் சம்பளம் பணிக்கொடையாக வரும். சம்பளத்தில் பிடிக்கும் ஓய்வூதியப் பணம் நாட்டை விட்டுப் போகும்போது திரும்பக் கிடைக்குமா என்பது உங்கள் பாஸ்போர்ட்டைப் பொறுத்தது: அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியாக்காரர்களுக்கு மொத்தமாகத் திருப்பித் தருவார்கள், பிரிட்டன்காரருக்குக் கிடையாது. அமெரிக்கர்கள் தங்கள் நாட்டு வரித்துறையிடமிருந்து வசிப்புச் சான்றிதழ் வாங்கி வந்தால் அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்கு முதல் இரண்டு வருடம் கொரியாவில் வருமான வரி விலக்கு உண்டு. என் அறைத் தோழன் அமெரிக்கன், அந்த வகுப்பில் என் தோளில் சாய்ந்து தூங்கினான். எட்டு மாதம் வரி கட்டிய பிறகு இன்னொருவர் சொல்லித்தான் அவனுக்கு விஷயமே தெரிந்தது, அதற்கப்புறம் ஊருக்கு எழுதி அந்தத் தாள் வந்துசேர மாதக்கணக்கில் ஆனது.

ஜப்பானின் 'ஜெட்' திட்டம் இன்னும் பழையது, 1987-ல் தொடங்கியது. உதவி மொழி ஆசிரியர்களாக, அதாவது ஏ.எல்.டி.களாக, வருபவர்களில் பெரும் கூட்டம் ஜூலைக் கடைசியிலோ ஆகஸ்ட் தொடக்கத்திலோ டோக்கியோவில் இறங்கும். பெரிய ஓட்டலில் இரண்டு மூன்று நாள் ஓரியன்டேஷன். கடல் தாண்டி வந்த களைப்பு, நேரம் மாறிய தூக்கம், குளிரூட்டிய மண்டபம், கோட்டு டை. மேடையில் பேசியதில் எனக்கு நினைவிருப்பது மிகக் குறைவு. யார் எதைக் கேட்டாலும் ஒரே பதில் வரும்: "ஒவ்வொருவர் நிலைமையும் வேறு வேறு." என் பள்ளியில் எத்தனை வகுப்பு இருக்கும்? நிலைமையைப் பொறுத்தது. கார் தேவைப்படுமா? நிலைமையைப் பொறுத்தது. அந்த ஆங்கில வாக்கியத்தின் (Every Situation Is Different) முதலெழுத்துகளைச் சேர்த்து 'ஈ.எஸ்.ஐ.டி.' என்று கேலிப்பெயரே வைத்திருக்கிறார்கள். கேலி செய்தாலும் அது உண்மைதான். ஒருவர் ஒரே உயர்நிலைப் பள்ளியில் இருப்பார், இன்னொருவர் வாரத்துக்கு நாலைந்து பள்ளிக்குச் சுற்றுவார். ஒருவரிடம் ஜப்பானிய ஆசிரியர் வகுப்பையே ஒப்படைத்துவிடுவார், இன்னொருவர் பாடப்புத்தகத்தை உரக்கப் படிக்கும் 'மனித டேப் ரிக்கார்டர்' ஆகவே வருடத்தை ஓட்டுவார். இத்தனை ஆயிரம் பேருக்கும் பொதுவாக டோக்கியோ மண்டபத்தில் என்னதான் சொல்ல முடியும்?

அதற்குப் பிறகு மாவட்டத்துக்குப் போனதும் அங்கே தனியாக ஓர் ஓரியன்டேஷன் வைப்பார்கள். கூட்டம் குறைவு, சொல்பவர்கள் அதே ஊர்களில் வேலை பார்ப்பவர்கள். வீடு புகுந்த 14 நாளுக்குள் நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும், ஆம்புலன்ஸுக்கும் தீயணைப்புக்கும் 119, போலீஸுக்கு 110, நிலம் குலுங்கினால் எந்தப் பள்ளி மைதானத்துக்குப் போக வேண்டும், குளிர்காலத்தில் தண்ணீர்க் குழாய் உறையாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது. டோக்கியோவில் சொன்னதை மறந்தவர்கள்கூட இதை மறக்கவில்லை. அதனால் ஒரே திட்டத்தில் இரண்டு கட்டமாக வைத்தால், இரண்டாவதைத் தவறவிடாதீர்கள் என்பேன். முதலாவதில் தூங்கினாலும் பரவாயில்லை, பணம் பற்றிப் பேசும்போது மட்டும் விழித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, சில விஷயங்களுக்கு அங்கே போய்ச் சேர்ந்தபின் நடக்கும் ஓரியன்டேஷன் ரொம்பத் தாமதம். கவனக்குறைபாட்டுக்கு (ADHD) சிலர் சாப்பிடும் 'அடரால்' மாத்திரை ஜப்பானில் தடை செய்யப்பட்டது. மருத்துவர் சீட்டு இருந்தாலும் கொண்டுவர முடியாது, கொண்டுவந்தால் கைதாகலாம். இது விமான நிலையத்தில் தெரிந்துகொள்ள வேண்டிய சேதியா? பட்டச் சான்றிதழுக்கு அப்போஸ்டில் முத்திரை (ஆவணம் உண்மையானது என்று வெளிநாட்டுக்குக் காட்ட அரசு தரும் சான்று), காவல்துறைச் சான்று, கூடுதல் புகைப்படங்கள் எல்லாம் அந்த வகைதான். தூதரகமோ திட்டக்காரர்களோ புறப்படும் முன் ஒரு கூட்டம் வைத்தால், ஆன்லைனில் வைத்தாலும் சரி, அதில் மருந்து, ஆவணம் என்ற இரண்டு தலைப்பு வரும்வரை எழுந்து போகாதீர்கள்.

இப்போது நான் உண்மையில் சொல்ல வந்ததற்கு வருகிறேன். முதல் வார ஓரியன்டேஷனின் அடிப்படைக் கோளாறு, உங்களுக்குக் கேள்வியே இல்லாத நேரத்தில் பதில்களைக் கொட்டுவது. வகுப்பில் ஒரு பையன் தலையை மேசையில் கவிழ்த்துத் தூங்கினால் எழுப்புவதா விடுவதா, அதைச் செய்ய வேண்டியது நீங்களா உடன் ஆசிரியரா என்ற கேள்வி நவம்பரில்தான் வரும். ஆகஸ்டில் அதற்குப் பதில் சொன்னவரின் குரல் அதற்குள் காற்றோடு போயிருக்கும். அதனால் அங்கே போவது பாடம் கற்க என்று எண்ணிப் போகாதீர்கள். நவம்பரில் யாரிடம் கேட்கலாம் என்று ஆள் பார்த்து வைக்கப் போங்கள். என் வரிசையில் உட்கார்ந்திருந்த ஆறு பேரும் மூன்று வருடம் எனக்கு வழிகாட்டிகளாக இருந்தார்கள். ஒருவர் உடன் ஆசிரியரோடு சண்டை போட்டு அதைச் சரி செய்தவர், ஒருவருக்கு அறுவைச் சிகிச்சை ஆகிக் காப்பீட்டுப் படிவங்கள் அத்துப்படி, ஒருவர் வீட்டுக்காரரிடம் முன்பணம் திரும்ப வாங்கியவர். அரசு அலுவலகத்தில் என் கேள்விக்குப் பதில் வர மூன்று நாள் ஆகும், இவர்களிடம் மூன்று நிமிடம். கொரியச் சிற்றூர் ஒன்றில் உங்களைத் தவிர வெளிநாட்டவர் யாருமே இல்லாமல் போகலாம், அப்போது இந்த ஆறு பேரின் அருமை தெரியும். கோவிட் காலத்தில் ஓரியன்டேஷன் ஆன்லைனுக்குப் போனபோது வந்தவர்கள் சிலரை அறிவேன். தகவல் அத்தனையும் அவர்களுக்கும் கிடைத்தது, பக்கத்து நாற்காலி மட்டும் கிடைக்கவில்லை. முதல் குளிர்காலத்தில் அவர்கள் பட்ட தனிமை கொஞ்சநஞ்சமல்ல.

ஜெட் திட்டத்தில் சில மாதம் கழித்து மாவட்ட அளவில் திறன் மேம்பாட்டுக் கூட்டம் ஒன்று நடக்கும். கூட்டங்களிலேயே எனக்கு மிகவும் பயன்பட்டது அதுதான், காரணம் அதற்குள் எனக்குக் கேள்விகள் இருந்தன. அங்கே ஜப்பானிய ஆசிரியர்களும் வந்து உட்காருவார்கள், அவர்கள் பக்கத்துக் குறைகளையும் கேட்கலாம். ("பாடத் திட்டத்தை வகுப்புக்குப் போகும் வழியில் சொல்கிறார்கள்" என்று நாங்கள் குறைபட்டோம். "எங்களுக்கே அப்போதுதான் மூச்சுவிட நேரம் கிடைக்கிறது" என்றார் ஒருவர். அவருக்கு மாலையில் டென்னிஸ் குழுப் பயிற்சி வேறு.) வேலை ஒப்பந்தத்தில் இப்படி நடுவில் ஒரு பயிற்சி இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் அந்த இடத்துக்கு ஒரு மதிப்பெண் கூட்டிப் போடலாம்.

இந்த விஷயத்தில் நான் பொறாமைப்படுவது அமெரிக்க அமைதிப் படைக்காரர்கள் மேல் (பீஸ் கோர், இராணுவம் அல்ல, வெளிநாடுகளுக்குத் தொண்டர்களை அனுப்பும் அமெரிக்க அரசுத் திட்டம்). 1961-லிருந்து நடக்கும் அந்தத் திட்டத்தில் ஆங்கிலம் கற்பிக்கப் போகிறவர்களும் உண்டு. அவர்களுக்கு வேலை தொடங்கும் முன் ஏறத்தாழ மூன்று மாதப் பயிற்சி, அதுவும் பெரும்பாலும் உள்ளூர்க் குடும்பத்தோடு தங்கி, அந்த மொழியைத் தினமும் படித்துக்கொண்டு. மூன்று நாள் ஓட்டல் மண்டபத்தோடு இதை ஒப்பிடவே முடியாது. ஆனால் சம்பளத்துக்குப் போகிறவரை எந்தப் பள்ளியும் மூன்று மாதம் உட்காரவைக்காது, செப்டம்பரில் வகுப்பு தொடங்கிவிடும்.

சரி, தாய்லாந்து. அங்கே பள்ளி வருடம் மே நடுவில் தொடங்கும், அதற்குச் சற்று முன்னால் ஏஜென்சிகள் ஓரியன்டேஷன் வாரம் வைக்கின்றன. ஆசிரியருக்குக் கைகூப்பி வணக்கம் சொல்லும் 'வாய்' (wai) முறை எப்படி, பிள்ளைகள் தலையில் கை வைக்கக்கூடாது ஏன் என்பதெல்லாம் தெரிந்துகொள்ள வேண்டியவைதான், நம்மில் பலருக்குச் செல்லமாகத் தலையைத் தடவும் பழக்கம் வேறு. அதைத் தெரிந்துகொள்ள ஒரு வாரத் தங்கல், யானை முகாம், கடற்கரைப் படங்கள் எல்லாம் சேர்த்து ஒரு தொகை கட்ட வேண்டுமா என்பதுதான் விஷயம். என் கணக்கு இது: வேலை தருபவர் தன் செலவில் வைத்தால் அது ஓரியன்டேஷன். உங்கள் செலவில் வைத்தால் சுற்றுலா, கூடவே கொஞ்சம் தகவல். சுற்றுலா தப்பில்லை, நண்பர்கள் கிடைப்பார்கள், அதற்கும் மதிப்புண்டு என்று இப்போதுதான் எழுதினேன். ஆனால் பணம் கட்டும் முன் எழுத்தில் கேளுங்கள். பள்ளி எது என்று பயிற்சிக்கு முன்பே சொல்வார்களா, பயிற்சி முடிந்தும் பள்ளி கிடைக்காவிட்டால் பணம் திரும்புமா? சம்பளம் பள்ளி தருமா, ஏஜென்சி தருமா? நான் எந்த விசாவில் நாட்டுக்குள் வர வேண்டும்? சுற்றுலா விசாவில் வாருங்கள், வந்தபின் மாற்றிக்கொள்ளலாம் என்று மழுப்பினால், வேலை அனுமதிக்கான செலவையும் அலைச்சலையும் யார் தலையில் கட்டப்போகிறார்கள் என்று அடுத்த கேள்வியைக் கேளுங்கள். பதில் வர இழுத்தால் விட்டுவிடுங்கள், வேறு பள்ளி கிடைக்கும்.

தனியார் மையங்களிலும் இதே கதைதான். கொரியாவில் ஹக்வோன் என்று சொல்லும் டியூஷன் மையங்கள் பலவற்றில் 'பயிற்சி' என்பது, ஊரைவிட்டுப் போகப்போகும் ஆசிரியரின் வகுப்பில் பின்னால் உட்கார்ந்து இரண்டு மூன்று நாள் பார்ப்பது. சில பெரிய சங்கிலி நிறுவனங்கள் ஒரு வாரம் தங்கவைத்துத் தங்கள் பாடமுறையைக் கற்றுத்தந்து, கடைசியில் தேர்வும் வைக்கும். அந்த நாட்களுக்குச் சம்பளம் உண்டா, தேர்வில் தவறினால் என்ன ஆகும், ஒப்பந்த வருடம் பயிற்சியின் முதல் நாளிலிருந்தா வகுப்பின் முதல் நாளிலிருந்தா? கடைசிக் கேள்வி அற்பமாகத் தெரியும். பணிக்கொடைக்கு முழு வருடம் ஆக வேண்டும் என்று மேலே சொன்னேன் அல்லவா, அந்த ஒரு வாரத்தில் தகராறு வந்து நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன்.

தவிர்க்கலாம் என்று நான் சொல்வது ஒரே ஒரு வகையினருக்கு: அதே நாட்டில் ஏற்கெனவே வேலை பார்த்து, மொழியும் ஓரளவு தெரிந்து, இப்போது இன்னொரு பள்ளிக்கு மாறுபவர்கள். அவர்களுக்குப் புதிதாக ஒன்றும் கிடைக்காது. வேறு நாட்டில் பத்து வருடம் கற்பித்தவர்கள் இதில் சேர்த்தி இல்லை. பார்க்கப்போனால் அவர்கள்தான் அதிகம் தடுமாறுகிறார்கள். தன் வகுப்பைத் தானே ஆண்டு பழகியவருக்கு, கொரியாவில் இன்னோர் ஆசிரியரோடு பாதி மேடையைப் பகிர்ந்துகொள்வது கசக்கிறது.

விமானம் தாமதம், விசா தாமதம் என்று ஓரியன்டேஷன் முடிந்தபின் போய்ச் சேருகிறவர்களும் உண்டு. பதற வேண்டாம். கையேட்டை மின்னஞ்சலில் கேட்டு வாங்குங்கள், உங்கள் கூட்டத்தினரின் அரட்டைக் குழுவில் சேர்த்துவிடச் சொல்லுங்கள். அதோடு அந்தப் பள்ளியில் உங்களுக்கு முன் இருந்தவரின் முகவரியை எப்படியாவது வாங்குங்கள். ஓரியன்டேஷனுக்குப் போனவர்களும் இதைச் செய்ய வேண்டும். ஜப்பானில் எனக்கு முன் இருந்தவர் மேசை இழுப்பறையில் நாலு பக்கத்துக்கு எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தார். எந்த வகுப்பில் புரொஜெக்டர் வேலை செய்யாது, துணைத் தலைமையாசிரியரிடம் விடுப்பு கேட்க எந்த நேரம் நல்லது, 2-ஆம் ஆண்டு பி பிரிவில் ஜன்னலோரம் உட்காரும் பெண் வகுப்பில் பேசமாட்டாள், ஆனால் நோட்டில் எழுதித் தந்தால் பதில் எழுதுவாள். அந்தப் பெண் அடுத்த மார்ச்சில் பள்ளி மாறும்வரை எனக்கு வாரம் ஒரு பக்கம் எழுதினாள்.